சுக்கான் மேடையில் ஓர் ஆம்பூர் தையல்

காலை 6.20. ஆம்பூர் ஸ்டேஷனில் எண்பத்தைந்து ரூபாய்க்குச் சென்னை டிக்கெட் எடுத்தேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. நான் இருக்கை தைத்துக் கொடுத்த படகின் முதலாளி அனுப்பியது ஒரு போட்டோவும் ஒரு செய்தியும்தான்: தையல் விட்டுப்போச்சு, ஆம்பூர் தோல் உப்புக்காற்றுக்கு ஆகாது, மேல் இருக்கைக்கு ரெக்சின் போட்டுக்கொள்கிறேன். ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடம் தைத்துவிட்டுச் சொந்தமாக மெஷின் போட்டவள் நான். மேல்தளத்துக்குத் தைத்த அந்த ஓர் இருக்கை தேறினால்தான் கீழ்த்தளத்து எட்டு இருக்கைகளும் என் கைக்கு வரும். அதைவிட, ஊர்ப் பெயரை இழுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

11.30. சென்ட்ரலிலிருந்து இரண்டு பஸ் மாறி முட்டுக்காடு. படகின் உச்சியில், ஏணி வைத்து ஏறும் கூரையில்லாத மேடை. அங்கே ஸ்டியரிங், அதன் பின்னால் நான் தைத்த இருக்கை. வெளியாள் ஏறக்கூடாது என்றார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

படகோட்டும் சராங்கு ஐம்பதைத் தாண்டியவர். திட்டாமல் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒரு சுற்று போனோம். தண்ணீர் தெரிவதற்காக அவர் எழுந்து நின்று, ஒரு முழங்காலை இருக்கையின் விளிம்பில் ஊன்றி ஓட்டினார். என் தையல் அதே விளிம்பில்தான் ஓடியது. அளவு எடுக்க எனக்கு வந்த போட்டோவில் மனிதரே இல்லை. போதாக்குறைக்கு, ஷூ தைத்த கை. ஷூ அச்சுக்கட்டையில் ஏற்றுகிற மாதிரி தோலை விறைப்பாக இழுத்திருந்தேன். ஷூவுக்கு அது அழகு. நாள் முழுக்க வெயிலில் கிடந்து சுருங்கும் தோல் பிய்த்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

பையில் மிச்சத் தோல் இருந்தது. கரைக்கு வந்ததும் பிரித்து, தையலை அடிப்பக்கம் தள்ளி, ஒரு விரல் தளர்வு விட்டுக் கையாலேயே தைத்தேன். மணி மூன்று. மறுபடி தையல் விட்டால் சொல்வதற்கு என்று சராங்கு என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

முதலாளி வந்து பார்த்தார். கீழே எட்டும் நீயே செய், மேலே ரெக்சின்தான், சொன்னது சொன்னதுதான் என்றார்.

"தப்பு என்னோடது சார், தோலோடது இல்ல. மேல ரெக்சின்னா, கீழ எட்டும் எனக்கு வேணாம்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

மாலை 7.10, திரும்பும் ரயிலில், வாலாஜா ரோடு. ராணிப்பேட்டைப் பக்கமிருந்து தோல் வாடை வந்ததும் எதிர் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை மூடச் சொன்னார். மூடவில்லை. எங்கள் ஊர்ச் சோறு அதில்தான் வேகிறது என்றேன். அப்போது போன் அடித்தது. சராங்கு.

"சீட்டக் கழட்ட ஆள் வந்தாங்கமா," என்றார். "ஏறி உக்காந்துட்டேன். இன்னும் எழுந்துக்கல."