செம்மண் மேட்டில் ஒரு சிவப்புக் கம்பளம்

அந்த யோசனை பல் தேய்க்கும்போது வந்தது.

ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் செல்போன். என் காலைகள் இப்படித்தான் விடிகின்றன. அன்றைக்குக் கல்வராயன் மலையை சாட்டிலைட் மேப்பில் மேய்ந்துகொண்டிருந்தேன். பச்சை, பச்சை, எங்கும் பச்சை. நடுவில், வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால், சிவப்பாக ஒரு கீறல்!

பெரிதாக்கினேன். வரிவரியாகச் செம்மண் மேடுகள். பெயர் இல்லை. போட்டோ இல்லை. 'பார்க்கிங் வசதி இல்லை, ஒரு ஸ்டார்தான்' என்று திட்டுகிற ரிவ்யூகூட இல்லை!

அருவி பார்க்க ஊரே படையெடுக்கிறது. மண்ணைப் பார்க்க யார் போவார்கள்? நான் போவேன். வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன் - கண்டுபிடிச்சிட்டடா!

கண்டுபிடிப்பாளனுக்கு வண்டி வேண்டுமே... என்னிடம் இல்லை. சலீமிடம் இருந்தது.

சலீம் என் பள்ளிக்கூடத்து நண்பன். அவன் அத்தா, எங்களுக்கெல்லாம் 'பாய்', கள்ளக்குறிச்சியில் சாமியானா கடை வைத்திருக்கிறார். நாற்காலி, மேடைத் துணி, கம்பளம், எல்லாம் வாடகைக்கு. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கரியாலூரில் ஒரு ரிசப்ஷன். மலை ஆர்டர் என்றால் பாய் தானேதான் போவார். இந்த முறை முதன்முதலாக மினி லாரி சாவியை மகன் கையில் கொடுத்திருந்தார். "இத்த ஒழுங்கா முடிச்சிட்டு வா. இனிமே மலை ஆர்டரெல்லாம் உன்னுது. சொதப்புனியோ... பழையபடி கல்லாவுல குந்து" என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"போற வழிதான் மச்சான். பத்தே நிமிஷம்."

"நீ பத்து நிமிசம்னா எனுக்கு அரை நாளு பூடும்" என்றான். ஆனாலும் வண்டியைத் திருப்பினான். நல்ல நண்பர்களிடம் உள்ள கெட்ட குணம் அது.

அறுத்து முடித்த சாமைக் கொல்லையைத் தாண்டியதும் - அடேயப்பா! கார்த்திகை மழை கழுவிவிட்ட மேடுகள். உச்சியில் மஞ்சள், நடுவில் செங்கல் நிறம், அடியில் ஈரல் நிறம். தண்ணீர் அரித்து அரித்து, புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக நின்றன. அங்கங்கே முழங்கால் உயரத்தில் மண் தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கூழாங்கல், தொப்பி போட்டது போல. கல் மூடிய இடத்து மண் மட்டும் கரையாமல் தப்பித்திருக்கிறது!

நான் சும்மா இருப்பேனா? சலீமுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் வழவழவென்று குகை போல ஒரு குடைவு. "பாத்தியாடா? ஆயிரக்கணக்கான வருஷமா இயற்கை உட்கார்ந்து செதுக்கினது!"

"அது போன வருசம் நான் வெட்டுனதுங்க" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

கையில் கடப்பாரையோடு ஒரு அக்கா. பெயர் வள்ளி. கூடவே அவர் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் சாக்கில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மழையில் கரைந்த சுவருக்கெல்லாம் தீபத்துக்கு முன்னால் மண் பூசியாக வேண்டுமாம்.

"மேல அரிச்சது மழ, கீழ தோண்டுனது நாங்க" என்று வள்ளியக்கா பாகம் பிரித்துக் கொடுத்தார். சலீம் திரும்பி நின்று சிரித்தான். தோள் குலுங்கியது.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். எனக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. செம்மண் மேடு, அதன் முன்னால் நீல வண்டி... எப்பேர்ப்பட்ட ஃப்ரேம்!

"மண்ணு ஈரமா கீதுடா" என்றான் சலீம்.

"ரெண்டு நாளா வெயில் மச்சான். தட்டிப் பாத்துட்டேன், சிமென்ட் மாதிரி இருக்கு. ரிவர்ஸ்ல வா."

தட்டிப் பார்த்தது ஷூ நுனியால். ஒரே ஒரு தட்டு.

வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். "வா... வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் வா..." வள்ளியக்கா என்னவோ கத்தினார். நான் செல்போனில் மூழ்கியிருந்தேன். ஃப்ரேமில் வண்டி கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தது. ஜூமில் கோளாறு என்று நினைத்தேன்.

ஜூமில் கோளாறு இல்லை.

ஆறிய பாலில் ஆடை படியுமே, அதே கதைதான். மேலே காய்ந்த ஓடு, அடியில் கொழகொழ களிமண். பின் சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் உள்ளே.

ரிவர்ஸ் எடுக்கிற வண்டிக்குப் பின்னால் நின்று கை காட்டுவதைப் போல சுகமான வேலை உலகத்தில் கிடையாது. அதிகாரம் முழுக்க நம்முடையது. பம்பர் அடுத்தவனுடையது!

சலீம் இறங்கினான். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். மறுபடி ஏறி உட்கார்ந்தான்.

"நல்லா மிதிங்க தம்பி, ஏறிடும்" என்றார் வள்ளியக்காவின் வீட்டுக்காரர். மிதித்தான். வண்டி இன்னும் இறங்கியது. பின்னால் நின்றிருந்த என் மேல் தலை முதல் கால் வரை சேறு.

"நாங்க சொவுத்துக்குப் பூச வந்தோம். நீ உன் மேலயே பூசிக்கினியே தம்பி!" வள்ளியக்கா சிரித்துச் சிரித்துக் கடப்பாரையையே கீழே போட்டுவிட்டார்.

தழை ஒடித்துப் போட்டோம். விழுங்கியது. கல் போட்டோம். அதையும் விழுங்கியது. "நாற்காலியையெல்லாம் இறக்கினா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ வாயத் தொறக்காத. இன்னிக்கிப் பூரா."

பிறகு வண்டிக்குள் சுருட்டி வைத்திருந்த கம்பளத்தைப் பார்த்தான். புத்தம்புதுச் சிவப்புக் கம்பளம். 'மேடையில் ரெட் கார்பெட் கட்டாயம் வேணும்' என்று பெண் வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். அதைச் சேற்றில் போட்டால் சொதப்பல். போடாவிட்டால் மேடையே இல்லை, அதுவும் சொதப்பல். அந்தக் குழியில் இறங்கிக்கொண்டிருந்தது வண்டி மட்டும் இல்லையே.

"கம்பளத்த இறக்கு" என்றான்.

மடித்து மடித்துச் சக்கரத்தடியில் திணித்தோம். எல்லோரும் பின்னால் கைவைத்தோம். "தம்பி, சும்மா தொட்டுக்கினு நிக்காத, தள்ளு!" என்று வள்ளியக்கா என்னை அதட்ட, வண்டி உறுமி, கம்பளத்தை மென்று துப்பிவிட்டு மேலே ஏறியது.

ஒரே ஒரு நல்ல விஷயம் - கம்பளமும் சிவப்பு, மண்ணும் சிவப்பு. உதறி, அடித்து, மேடையில் விரித்தோம். யாருக்கும் தெரியவில்லை. விருந்தாளிகள் நடக்கிறவரைக்கும்.

போட்டோ எடுக்க ஏறியவர்கள் எல்லோரும் சிவந்த பாதத்தோடு இறங்கினார்கள். மாப்பிள்ளை வேட்டியில் புதிதாக ஒரு செம்மண் கரை. எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாப்பா, கம்பளம் சாயம் போவுது?"

"புதுசுங்க. மொத தபா அப்டித்தான். சாயம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான் சலீம், சிரிக்காமல்.

மறுநாள் காலை கடையில் பாய் கம்பளத்தை விரித்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். சலீம் ஒன்று விடாமல் சொன்னான்.

"தப்பு என்னுது பாய்" என்று நான் முந்தினேன்.

"அது தெரியும்" என்றார், என்னைப் பார்க்காமலே. "கம்பளத்தப் போட்டு எடுக்கலாம்னது யாரு?"

"நான்தான் அத்தா."

"நேரத்துக்கு மேடை போட்டியா?"

"போட்டுட்டேன்."

சலீம் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தான். பாய் அதை அவன் பக்கமாகவே தள்ளிவிட்டார்.

"மலை ஆர்டர் உன்னுது. ஆனா ஒண்ணு, இந்தத் தம்பி இனிமே நம்ம வண்டியில ஏறக் கூடாது. பின்னால சேர் மேலகூட. அப்புறம், இந்தக் கம்பளத்தத் தொவைக்கிறது..."

வாக்கியத்தை முடிக்காமல் என்னைப் பார்த்தார். முடிக்கத் தேவையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துவைத்தேன். ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்த பிறகு, செல்போனைத் திறந்து போட்டோக்களைப் பார்த்தேன். ஒன்றில்கூட மேடு ஒழுங்காக விழவில்லை. எல்லாவற்றிலும் சைடு மிரரில் சலீமின் முகம்தான், படத்துக்குப் படம் பயம் கூடிக்கொண்டே!

அதனால் மறுபடி போகிறேன். மண் காயட்டும், தீபம் முடியட்டும். பஸ்ஸில் போய் இறங்கி, கிளைப்பாதையில் நடை. தொப்பி போட்ட தூண்களைக் குத்தவைத்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். வள்ளியக்கா பூசிய சுவரையும்தான்.

சலீமும் வருகிறானாம். ஒரே ஒரு கண்டிஷன் - முன்னால் நான்தான் நடக்க வேண்டுமாம். நான் முங்காத இடமாகப் பார்த்து அவன் கால் வைத்துக்கொள்வானாம்.