கசாப்புத் துணிகளுக்கு நடுவே ஓர் உள்ளங்கி

லட்லோ கோட்டையில் இளவரசர் ஆர்தரைப் பிடித்த காய்ச்சல் அவரை விட்டு இறங்கியது. பின்னாளில் அவரே இங்கிலாந்தின் அரசரானார். தம்பி ஹென்றி பேராயரானார். அந்தக் காய்ச்சல் விரிப்புகளை வெளுத்த பார்னெல் டிரான்டர், இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கோட்டையின் தலைமைச் சலவைக்காரி. யார் யாருடன் படுத்தார், யார் அழுதார் என்பதெல்லாம் துணி வழியே அவளை வந்தடையும். ஆகவே அவள் எவரையும் நம்பியதில்லை. அவளையும் எவரும் நம்பவில்லை.

அரசரின் பன்னிரண்டு வயது மகள் இசபெல் அங்கே வளர்ந்துவந்தாள். மனைவியை இழந்த ஸ்காட்லாந்து அரசருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். பெண் பெரியவளானதும் கப்பலேற்ற வேண்டும் என்பது உடன்படிக்கை. அதனால் ஸ்காட்லாந்துத் தூதரின் எழுத்தன் கெர் சலவைக்கூடத்தையே சுற்றிவந்தான்.

"ஏம்மா, பொண்ணு உட்கார்ந்துடுச்சா?"

"உங்க ராசாவுக்கு அவ்வளவு அவசரம்னா, அவரையே வந்து துணி அலசச் சொல்லுங்க."

உடன் வேலைபார்த்த வேல்ஸ்காரி நெஸ்தா சிரித்தாள். அவள் காலில் புதுத் தோல்செருப்பு. பார்னெலுக்குச் சுருக்கென்றது.

மார்ட்டின் திருநாள் காலை, இசபெலின் மெத்தைக்கடியில் சுருட்டிய உள்ளங்கி ஒன்று கிடைத்தது. கறை. வாசலில் நின்ற சிறுமி அழுதாள்.

"சொல்லிடாதே பார்னெல். அந்தக் கிழவர்கிட்ட என்னை அனுப்பிடுவாங்க."

எரித்தால் இசபெலின் தோழிப்பெண்கள் தேடுவார்கள். தனியே அலசினால் நெஸ்தா பார்ப்பாள். ஆனால் அன்று, குளிர்காலத்துக்காக மாடும் பன்றியும் அறுத்து உப்பிடும் நாள். இரத்தம் தோய்ந்த கசாப்புத் துணிகள் கூடை கூடையாக வந்தன. பார்னெல் அவற்றின் நடுவே உள்ளங்கியைச் செருகினாள்.

கெர் வந்து கூடையைக் கிளறினான்.

"என்ன நாத்தம் இது!"

"பன்னிக்குடல் ஐயா. இன்னும் ஆழமா கையை விடுங்க, மணப்பொண்ணு கிடைப்பா."

அவன் விரல் பட்டுநூல் வேலை செய்த ஓரத்தைத் தொட்ட கணம், நெஸ்தா ஒரு வாளி குளிர்நீரைக் கவிழ்த்தாள். பாதி கூடையில், பாதி அவன் மீது.

"ஐயோ, கை வழுக்கிடுச்சு ஐயா!"

அவன் திட்டிக்கொண்டே வெளியேறினான். நெஸ்தா அந்த உள்ளங்கியை உருவி எடுத்து அலசத் தொடங்கினாள்.

"நான் எதையும் பாக்கல அக்கா."

"பாக்காமத்தான் அதை மட்டும் தனியா எடுத்தியா? அந்தச் செருப்பு யார் குடுத்தது?"

"கெர்தான். வாங்கிக்கிட்டா சொல்லித்தான் ஆகணுமா? சந்தேகப்படாம உனக்குச் சோறே இறங்காதா?"

பார்னெல் உள்ளங்கியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தாள். அடுத்த மாதம் அறுப்பு இருக்காது. இவள் துணையின்றி மறைக்க முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் கப்பல் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. காத்துச் சலித்த ஸ்காட்லாந்து அரசர் பிரான்சில் பெண்ணெடுத்தார். அதுவரை இருவரும் ஒரே தொட்டியில் இசபெலின் துணிகளை அலசினார்கள். பார்னெலின் ஒரு கண் துணியில் இருந்தது. மறு கண் அந்தச் செருப்பை விட்டு அகலவேயில்லை.