ஞாயிற்றுக்கிழமைச் சுவர்

எங்கள் வீட்டுக்கு நான்கு சுவர்கள். கனடாவில் இருந்த மாமாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீடியோ காலில் மற்ற மூன்றையும் அவர் பார்த்துவிடாமல் போனைப் பிடிப்பது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வேலையில் நான் மகா கெட்டிக்காரி.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் ஒரே ஒரு அறை எங்களுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அகதி அட்டையை வைத்துக்கொண்டு, எந்த நாடாவது கூப்பிடாதா என்று காத்துக் கிடந்தோம். ஹாலும் அதிலிருந்த சிவப்புச் சோபாவும் பிரிட்ஜும் பக்கத்து அறை ஆன்டியுடையவை; அவர் பந்திங் என்ற மலேசிய ஊரிலிருந்து வந்து குடியேறியவர். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவையெல்லாம் எங்களுடையவை ஆகிவிடும். ஆன்டி, பாவம், தோசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய கவரிங் வளையல்களைப் போட்டுக்கொண்டு அம்மா சோபாவில் உட்காருவார். அப்பா கிள்ளானில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினார். மாமாவைப் பொறுத்தவரை அவர் அங்கே சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடைக்காத சூப்பர்வைசர்!

"பிள்ளை, போனை வடிவாப் பிடி. பிரிட்ஜ் தெரியுதோ?" என்பார் அம்மா.

இந்த நாடகம் எதற்கு என்று கேட்பீர்கள். சித்தி ஒருவர் இந்தியாவில் முகாமில் இருந்தார். போனை எடுத்தாலே அழுகை. கூரை ஒழுகுது, பிள்ளைக்குக் காய்ச்சல், இப்படியே. லண்டன், நோர்வே, கனடா என்று சிதறியிருந்த சொந்தமெல்லாம் முதலில் உச்சுக்கொட்டியது. பிறகு ஒவ்வொருவராக அவருடைய போனை எடுப்பதை விட்டார்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் சித்தி 'காலை வணக்கம்' போட்டால்கூடப் பதிலுக்கு ஒரு பூ வராது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கஷ்டம் எண்டு தெரிஞ்சால் ஆரும் போன் எடுக்க மாட்டினம். சொந்தத்திட்ட ஒரு தரம்தான் கேக்கலாம்," என்று சொல்வார்.

அந்த ஒரு தரத்தை அவர் அக்காவுக்காக வைத்திருந்தார். அக்காவுக்குப் பதினேழு வயது. எங்களுக்கு அரசாங்கப் பள்ளி கிடையாது. ஒரு கோயில் மாடியில் நடந்த வகுப்பில் படித்தே டீச்சர்களை அசர வைத்தவள். அதற்கு மேலே படிக்க இங்கே வழியில்லை. மாமாவும் அங்கே இன்னும் நாலு பேரும் கையெழுத்துப் போட்டு ஸ்பொன்சர் செய்தால் கனடா போய் நர்சிங் படிக்கலாம் என்று வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார். சொந்த அண்ணன்தானே, கேட்டுடு லா என்று ஆன்டியும் மாதக்கணக்காக அம்மாவை அரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்னொரு கட்டளையும் இருந்தது. கதைக்கும்போது அம்மாவுக்குக் கண் கலங்கினால், உடனே போனைப் பிரிட்ஜ் பக்கம் திருப்பிவிட்டு, லைன் கிளியர் இல்லை என்று சொல்லிக் கட் பண்ண வேண்டும். அதற்கு முன் இரண்டு தடவை கச்சிதமாகச் செய்து பாராட்டும் வாங்கியிருந்தேன்.

அந்த ஞாயிறு அக்கா காலையிலேயே குளித்து, சர்டிபிகேட் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் ஆன்டியோடு இருந்தாள். கூப்பிட்டதும் வந்து காட்ட வேண்டுமாம். எதைக் காட்டுவது, ஏன் காட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஓட்டைவாயாம்.

மாமா வாசலில் பனி அள்ளி முதுகு பிடித்துக்கொண்ட கதையை இருபது நிமிடம் சொன்னார். அம்மா உச்சுக்கொட்டிக் கேட்டார். பிறகு வளையல்களை ஒருமுறை தள்ளிவிட்டுக்கொண்டு, "அண்ணை, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும்…" என்றார்.

அவ்வளவுதான், குரல் உடைந்தது. கண் நிரம்பியது. நான் விடுவேனா? போனைப் பிரிட்ஜ் பக்கம் திருப்பி, "மாமா, லைன் கிளியர் இல்லை!" என்று கத்திக் கட் பண்ணினேன்.

அம்மா என்னையே பார்த்தார். அடிக்கவில்லை, ஏசவில்லை. நல்ல காரியம் செய்திருக்கிறேன் என்று நானும் சிரித்தேன். இரண்டு நிமிடத்தில் மாமாவே திரும்ப எடுத்தார். அதற்குள் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒண்டுமில்லை அண்ணை, அங்கை குளிர் குறைஞ்சிட்டுதோ எண்டு கேக்க வந்தனான்," என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பேசி முடிந்ததும் அக்கா கோப்போடு வந்து நின்றாள். "கேட்டியளோ?"

"கேட்டாச்சு. பாப்பம் எண்டவர்."

அடுத்த மாதம் அக்கா ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கப் போனாள். மாமா லைனில் வந்தால் எழுந்து போய்விடுவாள். சரியான திமிர் பிடித்தவள் என்றே நான் நினைத்தேன்.

போன வருடம் மாமா ஊருக்குப் போகும் வழியில் கோலாலம்பூரில் மூன்று நாள் தங்கினார். கிள்ளானில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, நான்கு சுவர்களையும் பார்த்தார்.

"எங்கை அந்தச் சிவப்புச் சோபா?"

அம்மா மெல்ல உண்மையைச் சொன்னார். அக்காவின் படிப்பையும் சொன்னார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்கள் வசதியா இருக்கிறியள் எண்டெல்லோ நினைச்சனான்! ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நாலு பேர் என்ன, பத்துப் பேரிட்டக் கையெழுத்து வாங்கியிருப்பனே, தங்கச்சி."

உண்மையிலேயே செய்திருப்பாரா, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் தேநீரோடு வந்த அக்கா அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பன்னிரண்டு வருடம் சேலை மடித்தவள். தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்டைக்கு நீதானே போன் பிடிச்சனி? அம்மா கேட்டவவோ?"

அன்றைக்கு அம்மா கட்டுப்பாட்டை மறந்து அழுகிறார் என்றுதான் நினைத்தேன். மாமா பார்க்க வேண்டியிருந்ததே அந்த அழுகையைத்தான் என்று ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

நான் அம்மாவைப் பார்த்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. திருப்புவதற்கு என் கையில் போன் இல்லை.