உடைச்ச ஓகன்

புதிதாக வாங்கிய ஒரு பொருள் எந்தக் கணத்தில் பழைய பொருளாகிறது? பெட்டியின் வாயில் ஒட்டியிருக்கும் ரேப்பைக் கிழிக்கும்போதா, உள்ளே அடைத்திருக்கும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைக்கட்டி அட்டையோடு உரசிக் ‘கிறீச்’ என்று பல்லைக் கூசவைத்தபடி வெளியே வரும்போதா, அல்லது முதல் விரல் அதன்மேல் படும்போதா? பத்து வயதில் எனக்குள் நுழைந்த இந்தக் கேள்விக்கு, ஏழு வயதுப் பிள்ளையின் தாயாகி, வேறு நாட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டு நிற்கும் இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது. ரெஜிபோம் உரசும் சத்தம் மற்றவர்களுக்குப் பல்லைக் கூசவைக்கும். எனக்குக் கோபத்தைக் கொண்டுவரும். எங்கள் வீட்டில் ஒருநாள் கேட்டிருக்க வேண்டிய, கேட்காமலே போன சத்தம் அது.

அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், கடலேரியின் உப்புக்காற்று உடுப்புக் கொடியில் படிகிற தூரத்தில் இருந்தோம். அப்பா வளைகுடா நாடொன்றில், ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். சண்டை ஓய்ந்து பாதை திறந்து, வான் வண்டியில் ஏறினால் கொழும்புக்குப் போகலாம் என்றிருந்த அந்தக் காலத்தில், இனித் திரும்பிப் போவதில்லை என்ற முடிவோடு அவர் ஊருக்கு வருவதாக இருந்தது. வரும்போது எனக்கு ஒரு ‘ஓகன்’ கொண்டுவருவதாகவும் சொல்லியிருந்தார். எங்கள் மாதா கோயிலில் இருந்த பழைய பெரிய வாத்தியமோ கடையில் விற்கிற சின்ன மின் கீபோட்டோ, கட்டையை அழுத்தி வாசிக்கிற எல்லாமே எங்களுக்கு ‘ஓகன்’தான். பாடகர் குழுவில் எங்களுக்குப் பாட்டுப் பழக்கிய சிஸ்டர், “ஓகன் வரட்டும், நான் பழக்கிவிடுறன், நத்தாருக்கு நீதான் வாசிக்கிறாய்” என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்லிவிட்டார். கிறிஸ்மஸ் பூசையில் வாசிக்க எனக்கு ஒரு சுரம்கூடத் தெரியாது. ஆனாலும் அன்றிலிருந்து நான் முன்வரிசையில் நின்றேன்.

வளைகுடாவில் அப்பாவின் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது சுங்க மேசைக்கு முன்னால் நின்று வியர்த்தவர்கள். அவர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: “பெட்டியோட கொண்டுபோனா புதுச் சாமான், வரி அடிப்பான். உடைச்சுக் கொண்டுபோ, பாவிச்ச சாமான் எண்டு விட்டிடுவான்.”

எங்கள் பேச்சுப் பழகாத வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்களுக்கு ‘உடைக்கிறது’ என்றால் நொறுக்குவது மட்டுமல்ல. பிஸ்கற் பைக்கற்றையும் உடைப்போம், வெளிநாட்டிலிருந்து வந்த பார்சலையும் உடைப்போம், கடிதத்தையும் உடைத்துத்தான் வாசிப்போம். ஒட்டிக் கட்டியிருப்பதைத் திறப்பது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அப்படியே அப்பா ஓகனை உடைத்தார். பெட்டியையும் ரெஜிபோமையும் எறிந்தார். பளபளப்புப் போகவேண்டும் என்று தலைக்கு வைக்கிற எண்ணெயைக் கட்டைகளின் இடுக்குகளில் தடவி, ஊத்தை பிடித்தது போலத் தெரிய அதன்மேல் முகப்பவுடரைத் தூவினார். சங்கீதமே தெரியாத அந்த மனிதர், வேலை முடிந்து வந்து, கட்டைகள் கொஞ்சம் தேயட்டும் என்று ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போவாராம். அறையில் படுத்திருந்தவர்கள் தலையணையால் எறிவார்களாம். எங்கள் நாட்டுத் தமிழில் ‘பாவனை’ என்றால் உபயோகம். புத்தகங்களில் அதற்கு நடிப்பு என்றும் பொருள் உண்டு. அப்பா இரண்டையும் சேர்த்தே செய்தார்.

பக்கத்து வீட்டு ஞானம் மாமியின் தொலைபேசிக்கு அவர் எடுத்தபோது, “புதுசோ அப்பா?” என்று கேட்டேன்.

“புதுசுதான் குஞ்சு. ஆனா பழசாக்கித்தான் கொண்டுவாறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொலைபேசியில் மறுமுனைக் குரல் வீடு முழுக்கக் கேட்கும், ஞானம் மாமியும் வீட்டில்தான் இருந்தார்.

அப்பாவைக் கூட்டிவர அம்மாவும் தம்பியும் நானும் வான் வண்டியில் கொழும்புக்குப் போய், விமான நிலையத்துக் கம்பிக்கு வெளியே நின்றோம். அதே விமானத்தில் வந்தவர்கள் வண்டில்களைத் தள்ளிக்கொண்டு வந்து, கட்டிப்பிடித்து அழுது, வீட்டுக்கும் போய்விட்டார்கள். அப்பாவை மட்டும் காணவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து துள்ளலாக ஓர் இசை வந்து, கதவு மூடியதும் அறுந்துபோனது. “பிளேன் வாற இடத்திலை பாட்டும் போடுறாங்கள் அம்மா” என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்குமா என்று என் கணவர் இப்போது கேட்கிறார். கேட்காமலும் இருந்திருக்கலாம், அப்பா பிறகு சொன்னதை வைத்து நானாகவே கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அது என் காதில் இருக்கிறது. என்னுடைய ஓகனை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

உள்ளே நடந்ததை அப்பா வான் வண்டியில் வீட்டுக்கு வரும்போது சொன்னார். சுங்க அதிகாரி ஓகனைக் கண்டு சிங்களத்தில் ஏதோ கேட்டிருக்கிறார். அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது. பின்னால் நின்ற, கொழும்பில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெடியன் இரங்கி உதவிக்கு வந்திருக்கிறான்.

“அண்ணே, இது புதுசான்னு கேக்கிறார்.”

“இல்லைத் தம்பி, உடைச்சது. உடைச்சுக் கனநாள்.”

அந்தப் பெடியன் அதிகாரியிடம் சொன்ன சொல் அப்பாவுக்கு இன்றுவரை மறக்கவில்லை. ‘கெடிலா.’ பழுதாகிவிட்டது, உடைந்துபோய்விட்டது என்று பொருள். பழுதான சாமானை ஏன் கடல் கடந்து தூக்கிவருகிறாய் என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அப்பா பற்றரியும் போட்டு வைத்திருந்தார். அதிகாரி ஏதோ ஒரு பொத்தானை அழுத்த, வாங்குபவர்களை மயக்குவதற்காக உள்ளேயே பதித்து வைத்த இசை மண்டபம் முழுக்கக் கேட்கப் பாடத் தொடங்கிவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

“உடைஞ்சதுன்னு சொன்னீங்களே அண்ணே?” என்று பெடியன் பதறியிருக்கிறான்.

அப்பா நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார்: “ஓம் தம்பி, உடைச்சதுதான். நான்தான் உடைச்சனான், என்ரை கையாலை.”

அதையும் அவன் அப்படியே மொழிபெயர்த்திருக்கிறான். தானே தன் கையால் உடைத்ததாகச் சொல்கிற ஒரு மனிதன், உடையாமல் பாடிக்கொண்டிருக்கிற ஒரு வாத்தியம். முதலில் சிரித்தார்களாம். பிறகு ஒருவர் கட்டை இடுக்கில் விரலை விட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோயிருக்கிறார். பவுடர் மணத்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பொய் சொல்லிப் புதுச் சாமான் கடத்த வந்தவர் என்று ஓகனை எடுத்து வைத்துக்கொண்டு, வரியோடும் தண்டத்தோடும் வேறொரு நாளில் வந்து எடுக்கும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சுங்கமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா எண்ணெயும் பவுடரும் பூசியது சரியென்றும் சொல்லவில்லை. சட்டத்துக்குப் பயந்தவள் நான், பேருந்தில் ரிக்கற் தராவிட்டாலும் கேட்டு வாங்குகிறவள். ஆனால் நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இந்த நாட்டின் பிள்ளை ஒருவன் இந்த நாட்டுக்குள் வந்து இறங்கி, தன் தாய்மொழியில் ஓர் உண்மையைச் சொல்கிறான். ஓம், அது உண்மைதான். உடைச்சது என்றால் உடைச்சதுதான். அதை உண்மையென்று விளங்கிக்கொள்ள அன்றைக்கு அந்த மேசையில் ஒருவரும் இல்லை. வழிப்போக்கன் ஒருவனின் இரக்கத்தை நம்பித்தான் அவர் யோக்கியரா பொய்யரா என்று தீர்ப்பானது. எண்ணெய்க்கும் பவுடருக்கும் தண்டம் கேட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அவர்கள் அவருடைய வாயிலிருந்த சொல்லையல்லவா பொய்யாக்கினார்கள்.

“அடுத்தமுறை கொழும்புக்குப் போகேக்கை எடுக்கலாம்” என்றார் அப்பா. அடுத்தமுறை தள்ளித் தள்ளிப் போனது. பிறகு சண்டை தொடங்கிப் பாதையும் மூடியது. அதன்பின் நடந்தவற்றுக்கு முன்னால் ஓர் ஓகனை நினைத்துக் கவலைப்படுவதே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் என் கோபத்தில் சேர்த்திதான்.

ஊரின் மேலும் கோபம் உண்டு. வந்து இறங்கிய அடுத்த நாளே ஒழுங்கை முழுக்க, கடைசி வீடுவரை, கதை தெரிந்துவிட்டது. “உடைச்ச ஓகன் போகுது பார்” என்று அப்பாவைக் காட்டிச் சொல்வார்கள். ஞானம் மாமி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, “என்ன சூசை, பிள்ளை நத்தாருக்கு எதிலை வாசிக்கப்போகுது, சுளகிலையோ?” என்று கையிலிருந்த முறத்தைக் காட்டி அப்பாவிடம் கேட்பார். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் அப்பாதான். “ஓம் அக்கா, உங்கடை சுளகைத் தாங்கோ, உடைச்சுக்கொண்டு வாறன்” என்பார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் சிரிக்காமல் வேறென்ன செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பார்க்கிறேன், அப்போதும் மன்னிக்க வரவில்லை. நத்தார்ப் பாடல்களுக்கு நான் பின்வரிசையில் நின்றேன். சிஸ்டர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது முடித்திருப்பேன்.

அம்மா சிரிக்கவில்லை. அவர் அந்தச் சொல்லையே வீட்டிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பைக்கற்றைப் ‘பிரித்தோம்’, கடிதத்தைத் ‘திறந்தோம்’. தம்பி ஒருநாள் வாய் தவறி, “அம்மா, மாப்பைக்கற்றை உடைக்கட்டோ?” என்று கேட்டதற்கு அகப்பைக்காம்பால் அடி வாங்கினான். ஏன் அடித்தார் என்று அவனுக்கு அன்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

இப்போது கதைக்கு வருகிறேன். என் கணவர் நோர்வேயில் இருக்கிறார். எனக்கும் மகள் அனுஷாவுக்கும் விசா வந்துவிட்டது. சென்ற கிழமை அப்பா ஓட்டோவில் ஒரு நீண்ட பெட்டியோடு வந்து இறங்கினார். பேத்திக்கு ஓகன். யாழ்ப்பாண ரவுண் கடைத்தெருவில் வாங்கியிருக்கிறார். பெட்டியில் கடைக்காரன் ஒட்டிய ரேப்புக்கு மேலே தானும் ஒரு சுற்று ரேப் ஒட்டி, அதன்மேல் பில்லையும் ஒட்டியிருந்தார்.

“உடைக்காமல் கொண்டுபோ பிள்ளை. கேட்டா, புதுசு எண்டு சொல்லு. நிமிர்ந்து நிண்டு சொல்லு” என்றார். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் வீட்டில் கேட்டது. அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “உமக்கென்ன விசரே? பெட்டியோட கொண்டுவந்தா இஞ்சையும் வரிதான். பிரிச்சு, பிள்ளையின்ரை ஸ்டிக்கர் ரண்டு மூண்டை ஒட்டிக் கொண்டு வாரும். உம்மடை புது லப்ரொப்பிலையும் கீறல் கிடந்தா நல்லது” என்றார். நான் அவர் மேல் கத்தினேன். பிறகு அவர் சொல்வதிலும் நியாயம் உண்டோ என்று யோசித்தேன். அந்த நாட்டின் விதிகளை இணையத்தில் தேடி வாசித்தேன். குடியேற வருபவர்கள் தாங்கள் பாவித்த வீட்டுச் சாமான்களைக் கொண்டுவரலாம் என்றளவு விளங்கியது, எவ்வளவு காலம் பாவித்தால் பாவித்தது என்பது எனக்குத் தெளிவாக விளங்கவில்லை. வரியைக் கட்டிவிடலாம் என்று ஒரு நேரம் நினைக்கிறேன். புது இடத்தில் முதல் நாளே கணவரின் கையைக் கடிக்கவா என்று மறுநேரம் நினைக்கிறேன். மகளுக்கு முன்னால் இருந்து புதுச் சாமானில் ஸ்டிக்கர் ஒட்டிப் பழசாக்கினால், தன்னுடைய பொருளுக்கே பயப்படவேண்டும் என்பதையல்லவா அவளுக்கு முதற்பாடமாகக் கொடுக்கிறேன்? நானும் எண்ணெயும் பவுடருமாக நிற்கவேண்டுமா?

அனுஷா பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள். அதில் அச்சடித்திருக்கும் கட்டைகளின் படத்தில் விரல்களை வைத்து அழுத்தி, வாயால் பாடுகிறாள். “அம்மம்மா, இதை எப்ப ஓபின் பண்ணுறது?” என்று அம்மாவைக் கேட்கிறாள். தாத்தா ஏன் உடைக்காமல் கொண்டுபோகச் சொன்னார் என்றும் கேட்டாள்: “நான் ஏன் உடைக்கப்போறன்? நான் கவனமாத்தானே வச்சிருப்பன்.” அவளுக்கு அந்தச் சொல்லில் நொறுங்குவது மட்டும்தான் இருக்கிறது. திறக்கிற அர்த்தம் அவளிடம் வந்து சேரவேயில்லை. எங்கள் ஓகன் எந்தக் களஞ்சியத்தில் உக்கிப்போனதோ தெரியாது. ஆனால் அதோடு சேர்த்து எங்களிடமிருந்து போனது இதுதான்.

இதை வாசிப்பவர்களில் பிள்ளைகளோடும் சாமான்களோடும் இப்படி நாடு மாறிப் போனவர்கள் பலர் இருப்பீர்கள். அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? எந்தச் சொல்லில் சொன்னீர்கள், அது விளங்கியதா? அப்பா கட்டிய பெட்டியை அப்படியே கொண்டுபோய்ப் புதுசு என்று சொல்லி வரியைக் கட்டவா, அல்லது இன்றைக்கே மகளை மடியில் வைத்து, அவளுடைய கையாலேயே அந்த ரேப்பைக் கிழிக்க விட்டு, போகும்வரை அவள் நன்றாக வாசிக்கட்டும் என்று விடவா? விமானம் ஏற முன் எனக்கு எழுதுங்கள். உடைக்கட்டோ, வேண்டாமோ?