கடலுக்குப் போட்டுப்போன செருப்பு

சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் கோயில் நடை திறக்கும். அந்த இரண்டு நாளும் இருசம்மாளுக்கு ஓயாத வேலை. கோயிலுக்குப் போகிற வழியில் கீற்றுப் பந்தல் போட்டு, வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்துவிட்டு அடையாளத்துக்குத் தகர வில்லை ஒன்றைக் கொடுப்பாள். மற்ற நாட்களில் பருத்தி எடுக்கவோ சின்ன வெங்காயம் பிடுங்கவோ போய்விடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் ரஞ்சித்குமார் சென்னையில் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

இத்தனை வருஷம் ஊரார் செருப்பைக் கட்டிக் காத்தவளிடம், எந்த ஊருக்கு எந்தச் செருப்பு என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவாள் என்றுதான் யாரும் நினைப்போம். அதுதான் கிடையாது. குதிகால் செருப்பு, ஷூ, குழந்தைகள் போடும் கீச்சுச் செருப்பு என்று எல்லாம் அவள் கை வழியாகப் போயிருக்கின்றன. எல்லாமே காலை விட்டுக் கழன்று வந்தவை. அவற்றைப் போட்டுக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் காலில் எப்போதும் ஒரே நீல வார் ஹவாய்தான்.

சிக்கல் ரஞ்சித்குமாரின் போனில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு, சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்தால் மெட்ராஸைச் சுற்றிக் காட்டுகிறேன், கடலையும் பார்த்துவிடலாம் என்றான். மறுபடி ராத்திரி பஸ் பிடித்தால் திங்கட்கிழமை நடை திறப்பதற்குள் வந்துவிடலாம். கடைசியாக, நிறைய நடக்க வேண்டியிருக்கும், அந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வராதே, ஷூ வாங்கிக்கொள் என்று ஒரு குண்டையும் போட்டான்.

மெட்ராஸ் இருசம்மாளுக்குப் பெரிதில்லை. கடல்தான் பெரிது. அவள் பிறந்தது அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். சின்னப் பெண்ணாக ஓடையில் ஆடு மேய்க்கையில் நத்தைபோலச் சுருண்ட கல் அகப்படும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அந்த நத்தைதான் இப்படிக் கல்லாகிவிட்டது என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. தன் ஊரைவிட்டு எழுந்துபோன கடல் இப்போது எங்கே எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

ஆசை தெளிவாக இருந்தது. செருப்புதான் குழப்பியது. பந்தலுக்குப் பக்கத்தில் பூ விற்கும் கீதாஞ்சலி, ஹவாய் போதும், அந்த ஊரில் உன் காலை யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள். மருமகள் மஞ்சு போனை வாங்கி, ஷூவெல்லாம் வேண்டாம் அத்தை, சாதாரணச் செருப்பே போதும், ஆனால் நல்லதாக இருக்கட்டும் என்றாள். சாதாரணச் செருப்பு எப்படி நல்லதாக இருக்கும்? நல்லதாக இருந்தால் அது எப்படிச் சாதாரணம்? இருசம்மாளுக்குத் தலை சுற்றியது.

கடைசியில் பெரம்பலூரில் நசீருதீன் பாயின் செருப்புக் கடைக்குப் போனாள். லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்து கடை வைத்தவர். அவர் அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“ஷூ ஒங்களுக்குப் பழக்கமில்லம்மா, காலு வெந்துரும். வெறும் செருப்புன்னா கூட்டத்துல எவனாச்சும் மிதிச்சா அங்கனயே நின்னுரும். பின்னால பட்டை வச்சத எடுத்துக்குங்க. ஆனா வூட்டுலயே போட்டு நடந்து பழகிட்டுப் போங்க.”

செருப்பை வாங்கினாள். பழகவில்லை. புதுசு அழுக்காகிவிடுமே என்று ஊருக்குக் கிளம்பும்வரை டப்பாவை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. அதன் பலனை அவள் குதிகால் அனுபவித்தது.

சென்னையில் முதலில் மெட்ரோ ரயில். படி இறங்கியதும் தரை கண்ணாடிபோல மின்னியது. இருசம்மாள் நின்றாள், குனிந்தாள், கொக்கியைக் கழட்டினாள். பின்னால் வந்த கூட்டம் அவள்மேல் முட்டிக்கொண்டு நின்றது. இங்கே கழட்ட வேண்டாம் என்று மகன் காதில் சொன்னான். இவ்வளவு சுத்தமான இடத்தில் தெருவில் நடந்த செருப்போடு போவதா என்று அவளுக்கு உடம்பே கூசியது. ரயிலுக்குள் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கக் காலை இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்தது ஒரு மியூசியம். வெண்கலச் சிலைகள் இருந்த கூடத்துக்குள் எட்டிப் பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மனும் சிவனும் வரிசையாக நிற்கிறார்கள். விளக்கில்லை, பூவில்லை, திருநீறில்லை. சனங்கள் ஷூவோடு குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இது கோயிலா, கோயில் இல்லையா? சாமி நிற்கிறது, அப்படியானால் கோயில்தான் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். மகனும் மருமகளும் முன்னால் போய்விட்டார்கள். அவள் வாசலோரம் செருப்பைக் கழட்டி, சுவரை ஒட்டி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு அம்மனுக்கு முன்னால் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போன வழியே திரும்பியிருந்தால் ஒரு கேடும் இல்லை. கூடத்துக்கு இன்னொரு வாசலும் இருந்தது. அந்த வழியாகப் படி இறங்கி, கட்டடத்தையே சுற்றிக்கொண்டு பாதி தூரம் வந்தபிறகுதான் தார் ரோடு காலைச் சுட்டது.

விட்டுவிடுங்கள் அத்தை, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றாள் தேடி வந்த மஞ்சு. ஊர்ச் செருப்பையெல்லாம் தொலையாமல் பார்த்துக்கொள்கிறவள் தன் செருப்பைத் தொலைத்துவிட்டு நின்றாள். அவமானத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மகன் திரும்பி ஓடினான். வெகுநேரம் ஆளைக் காணோம். வெயில் சாயத் தொடங்கியது. கடலைப் பார்க்காமலே பஸ் ஏற வேண்டியதுதான் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒரு வழியாக வந்தான், கையில் செருப்போடு. கோயில் என்று நினைத்து யாரோ விட்டுவிட்டார்கள் என, காவலுக்கு இருந்த பெண் ஒருத்தி எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தாளாம். வில்லைகூடக் கொடுக்காமல் ஒருத்தி தன் செருப்பைக் காத்திருக்கிறாள் என்று இருசம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மகனுக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. இனிமேல் நான் சொல்லாமல் எங்கேயும் கழட்டாதே என்று கடுகடுத்தான்.

சரி என்றாள். கடற்கரைக்குப் போகிற வழியில் தலைவர் ஒருவரின் சமாதி இருந்தது. சொன்ன சொல் தவறாமல் செருப்போடு உள்ளே நுழையப்போனாள். பார்த்தால், ரஞ்சித்குமாரே குனிந்து தன் ஷூவைக் கழட்டிக்கொண்டிருக்கிறான். இங்கே கழட்டணும்மா என்றான்.

“சாமி இருக்கற எடத்துல கழட்டக்கூடாது. செத்தவங்க இருக்கற எடத்துல கழட்டணுமா?”

அது அப்படித்தாம்மா என்று ரஞ்சித்குமார் சொல்லிப் பார்த்தான். இருசம்மாள் உள்ளே போகவே இல்லை. புதுப் பட்டை குதிகாலை அறுத்துக் கொப்புளமும் உடைந்திருந்தது. வெளியே ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். இந்தக் காலோடு மணலில் நடக்க வேண்டாம் அத்தை, கடலை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்குப் போய்விடுவோம் என்று மஞ்சு பரிவாகத்தான் சொன்னாள். இருசம்மாள் எழுந்து, நொண்டிக்கொண்டே கடல் இருக்கும் பக்கமாக நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் ஓடிவந்தார்கள்.

மணலில் செருப்பு புதைந்தது. ரஞ்சித்குமார் மண்டியிட்டு, அம்மாவின் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக் கொக்கிகளைக் கழட்டினான். பிறகு இரண்டையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பிள்ளை பாசமாகச் செய்த காரியம். இருசம்மாளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவளுடைய அப்பா ராசாங்கம் இப்படித்தான் நடப்பார். டயர்ச் செருப்பு ஒன்று வைத்திருந்தார். காலனியிலிருந்து பஸ்ஸுக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். தெருமுனை வந்ததும் கழட்டிக் கையில் தூக்கிக்கொள்வார். தெரு முடிந்ததும் போட்டுக்கொள்வார். செருப்பு தேய்ந்துவிடாமல் அப்பா சிக்கனம் பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தன் தம்பி ஒருநாள் கழட்டாமல் நடந்து அடிவாங்கி வந்தபிறகுதான் விஷயம் விளங்கியது. அதை அவள் மகனிடம் சொன்னதே இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

“ரஞ்சித்து, அதக் கீழ போடு.”

அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்று அவன் திரும்பாமலே சொன்னான்.

“போனா போவுது. செருப்பக் கையில தூக்கிக்கிட்டு நடக்காதடா. ஒங்க தாத்தா ஊர்த்தெருவுல அப்படித்தான் நடந்தாரு. கழட்டலைன்னா அடிப்பாங்க.”

ரஞ்சித்குமார் நின்றுவிட்டான். கையிலிருந்த செருப்பை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்தான். பிறகு மெதுவாக மணலில், அவள் காலுக்கு நேராக வைத்தான். திங்களும் வெள்ளியும் எத்தனையோ பேர் செருப்பைக் கையால் தொட்டு எடுக்கிறோம், அப்போதெல்லாம் வராத துக்கம் இப்போது ஏன் வருகிறது என்று இருசம்மாளுக்கே புரியவில்லை. காலையிலிருந்து அங்கங்கே குனிந்து கழட்டினோமே, அதில் மரியாதை எது, பயம் எது என்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செருப்பைப் போட்டாள். புண்ணில் பட்டை படாமல் கொக்கியைத் தளர்த்தி மாட்டிக்கொண்டாள். அப்படியே கடலுக்குள் இறங்கினாள். அலை வந்து கணுக்காலைச் சுற்றியது, உப்பு புண்ணில் சுரீரென்று எரிந்தது. செருப்பு கனத்தது, காலை விட்டுப் போகவில்லை. பாய் சொன்னது இந்த ஒன்றுக்காவது சரியாக இருந்தது. பக்கத்தில் நின்ற சனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருட்டும்வரை ரஞ்சித்குமார் அவளைக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை பந்தலில் வழக்கம்போலக் கூட்டம். அவள் காலில் உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டு, ஊர் சுற்ற அது ஒத்துக்கொண்டதா என்று கீதாஞ்சலி கேட்டாள்.

“நடக்கறதுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க கழட்டணும், எங்க போட்டுக்கணும்னுதான் எனக்கு இன்னும் ஒண்ணும் புரியலடி.”

உச்சி பூசைக்கு மணி அடித்தது. கீதாஞ்சலியிடம் பந்தலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருசம்மாள் கோயிலுக்குக் கிளம்பினாள். எப்போதும் தன் ஹவாயைப் பந்தல் காலடியில் உதறிவிட்டுப் போகிறவள், இன்று உட்கார்ந்து கொக்கியை நிதானமாகக் கழட்டினாள். செருப்பை மற்றவர்கள் செருப்போடு வரிசையில் வைத்தாள். தகர வில்லை ஒன்றை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.