பன்னிரண்டு பதினொன்றான மதியம்

தொண்ணூறுகளின் தொடக்கம். தீவு நகரமான ஜோர்ஜ்டவுனில், அக்கரைக்குப் போகும் ஃபெரித் துறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில், எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஒரே யூனிக்ஸ் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இருபத்துமூன்று வயது, தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருடைய திரையும் ஆமை வேகத்தில் நகர்ந்தது. அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரியில் வரும் அக்கா ஒருவர் மதியம் என் மேசைக்கு வந்தார். “தம்பி, சரக்கு லிஸ்ட் பிரிண்ட் ஆனாத்தான் பாஸ் லீவு விடுவாரு. மக இன்னிக்கி அக்கரையிலேருந்து ரெண்டு மணி ரயில்ல கேஎல் காலேஜுக்குப் போறா, வழியனுப்பணும். கொஞ்சம் பாரு லா.”

பார்த்தேன். கணினியில் லோட் ஆவரேஜ் என்று ஓர் எண் உண்டு. வழக்கமாக ஒன்றைத் தாண்டாது, அன்று பன்னிரண்டு. ஓடிய வேலைகளில் பெரியது, ஒரு மணி நேரமாக ஓடும் அக்காவின் பட்டியல்தான். அவரைக் கேட்காமலே அதை நிறுத்தினேன். “உங்க லிஸ்ட்தான்க்கா மெஷினை ஜாம் பண்ணுது. மறுபடி போடுங்க” என்று அதட்டலாகவே சொன்னேன். அவர் திரும்பிப் போய்ப் பட்டியலை முதலிலிருந்து போட்டார்.

அக்காவின் வேலையை நிறுத்தியபோது எண் பதினொன்றுக்குத்தான் இறங்கியிருந்தது. அரை மணி நேரம் குழம்பிய பிறகே எனக்கு உறைத்தது. கணினியிடம் எத்தனை வேலைகள் வரிசையில் நிற்கின்றன என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அக்கா அதில் ஒரே ஓர் ஆள். மீதிப் பதினொன்றும் என்னுடையவை. பழைய கோப்புகளைத் துடைக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பும்படி முந்தின நாள் நான் எழுதி வைத்த நிரல், ஒன்று முடிவதற்குள் அடுத்தது கிளம்பிக் குவிந்து கிடந்தது.

எல்லாவற்றையும் சத்தமில்லாமல் நிறுத்தினேன். ஒன்றரை மணிக்குப் பட்டியல் அச்சானது. அக்கா ஃபெரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை கேட்டேன். ரயில் போய்விட்டதாம். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ரயில் கெளம்புற வரைக்கும் ஜன்னல் வழியா என்னையத் தேடியிருப்பா. அதான் மனசு கேக்கல” என்றார் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ சொல்லலன்னா எனக்கு எப்டித் தெரியும்? நீயா சொன்னியே, அது போதும். போ, போய்ச் சாப்டு” என்றார்.

இன்றும் எந்தக் கணினி திணறினாலும், வரிசையில் நிற்பவற்றில் என்னுடையவை எத்தனை என்றுதான் முதலில் எண்ணுகிறேன். எண்ணும்போதெல்லாம், ஜன்னலோரம் அம்மாவைத் தேடும் ஒரு முகம், நான் பார்த்தே இராத முகம், கண்முன் வந்து நிற்கிறது.