தண்ணீர் இல்லாத வாட்டர் சர்வீஸ்

மட்கார்டின் அடியில் விரலை விட்டுச் சேற்றைக் கொஞ்சம் வழித்தெடுத்து, கட்டைவிரலால் கசக்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்த பிறகுதான் அவர் வண்டியைத் தொடுவார். வண்டிக்காரர் வாய் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "ரோட்டத் தோண்டிப் போட்டிருக்காங்களே, அந்த மண்ணு. தட்டினாலே போயிடும்." இல்லையென்றால், "செங்கல் சூளைப் பக்கம் போனீங்களா? இது களிமண்ணு. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி, லேசுல கிளம்பாது." இந்தக் கோடையில் முக்கால்வாசி வண்டிகளுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "ஏரிச் சேறு." அதைச் சொல்லும்போது மட்டும் கேலி எதுவும் கூடவே வருவதில்லை.

தெருவில் அவருக்கு வாத்து என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. இருபத்திரண்டு வருடம் ஓடும் தண்ணீரில் நின்று நின்று பாதம் அகன்று, விரல்கள் ஒன்றோடொன்று பேசாத பங்காளிகளைப் போல விலகிவிட்டன. நடையும் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து போகும். அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராதா என்று யாரோ கேட்டதற்கு, "வாத்துக்கு என்னங்க கோபம்? தண்ணியில நிக்கிற வரைக்கும் அதுக்கு ஒரு குறையும் இல்ல" என்றார்.

அந்த விரலிடுக்குகளில் எப்போதும் சேற்றுப்புண் இருந்தது. தினமும் சாயங்காலம் அவர் மனைவி மருந்து தடவிக்கொண்டே திட்டுவாள், திட்டிக்கொண்டே தடவுவாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவள். இந்த வருடம் புண் தானாக ஆறிவிட்டது. அதற்குப் பதிலாகக் குதிகால் இரண்டும் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்தன.

இரண்டாவது வருடமும் மழை பொய்த்தபோது, தண்ணீர் அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா நோட்டீஸ் ஒட்ட வந்தார். வாத்து வண்டி கழுவும் கொட்டகைச் சுவரில் இருந்த புழுதியில் பசை பிடிக்கவில்லை. வாத்துதான் துணியால் சுவரைத் துடைத்துக் கொடுத்து, நான்கு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தி ஒட்டவும் வைத்தார். பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படித்தார். குழாய்த் தண்ணீரிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் வாகனங்களைக் கழுவக் கூடாது. ஆம்புலன்சுக்கும் அலுவலக வாகனங்களுக்கும் மட்டும் விலக்கு.

"அப்ப நான் என்னங்க பண்றது?"

"துடைங்க," என்றார் குமாஸ்தா.

துடைத்தார். மழையே இல்லாத ஊரில் வண்டிக்கு ஏது சேறு என்று தோன்றும். தெருக்குழாய்கள் வற்றியதும் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போக ஆரம்பித்தார்கள். ஏரியில் தண்ணீர் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குக் கருஞ்சேறு. இறங்கிய வண்டி என்ஜின் வரை புதைந்துதான் வெளியே வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சேறு வெயிலில் காய்ந்து, என்ஜினைச் சுற்றியுள்ள தகட்டு வரிகளுக்கு நடுவில் சிமெண்டாக இறுகியது. அப்படியே விட்டால் என்ஜின் சூடேறி நின்றுவிடும், செயின் அறுந்துபோகும். வண்டி நின்றால் வீட்டுக்குத் தண்ணீர் வராது. ஆகவே ஊர் மொத்தமும் அவரிடம் வந்தது.

தென்னை ஈர்க்கு, தேய்ந்த டூத் பிரஷ், முனை தட்டையாக்கிய ஒரு கரண்டிக் காம்பு, மண்ணெண்ணெய்த் துணி. இவ்வளவுதான் இப்போது அவருடைய தொழிற்சாலை. முன்பு பத்து நிமிடத்தில் முடிந்த வண்டி இப்போது இரண்டு மணி நேரம் எடுத்தது. அவசரப்பட்டவர்கள் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினால் வாங்க மாட்டார். "சட்டையத்தான் கழட்டணும், தோல உரிக்கக் கூடாது."

இத்தனை வண்டிகளைக் குளிப்பாட்டியவருக்கு ஒன்றைக்கூட ஓட்டத் தெரியாது. கேட்டால், "பிரசவம் பாக்குறவ எல்லாம் புள்ள பெத்தவளா?" என்பார். ஊரே வண்டியில் ஏரிக்குப் போனபோது, அவர் வீட்டுக்கு மட்டும் மனைவி லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கி வந்தாள்.

தண்ணீர் லாரி வராத நான்காவது நாள் அது நடந்தது. காலை பதினொரு மணி இருக்கும். கொட்டகைக்கு எதிரே குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் சுவரோர நிழலில் சாய்ந்திருந்தார்கள். தண்ணீர் அலுவலகத்தின் ஜீப் கதவு வரை சேற்றோடு வந்து நின்றது. ஏரியின் ஆழத்தை அளந்து பார்த்துவிட்டு வருகிறதாம். டிரைவர் பின்பக்கத்திலிருந்து ஒரு டிரம் தண்ணீரை இறக்கினார்.

"மேலதிகாரி மத்தியானம் வர்றாரு. சேத்தோட போயி நிக்க முடியாது. சட்டுனு அடிச்சு விடு."

"துடைச்சுக் குடுத்துடறேன் சார்."

"ரெண்டு மணி நேரம் உன் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கவா? நோட்டீஸ நீதானே ஒட்டி வச்சிருக்க? ஆபீஸ் வண்டிக்கு விலக்குன்னு போட்டிருக்கு, படிக்கலையா?"

வாத்து எதிர்ப்பக்கம் பார்த்தார். "ஜனங்க நிக்கிறாங்க சார். இங்க வேணாமே."

"நின்னா? ஆபீஸ் வண்டிமேல எவனாவது கைய வச்சிருவானா?"

அந்த விஷயத்தில் டிரைவர் சொன்னது சரிதான். வண்டிமேல் யாரும் கை வைக்கவில்லை. டிரைவரே கொட்டகைப் பம்பின் குழாயை டிரம்முக்குள் போட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு, தண்ணீர் பீய்ச்சும் இரும்பு கன் வாத்தின் கையில் துடித்தது. தண்ணீர் விசிறியாகப் பிரிந்து அடித்தது. முன்சக்கரத்திலிருந்து சேறு பெரிய பெரிய பாளமாகக் கழன்று விழ, அடியிலிருந்து கறுப்பு டயர் பளபளவென்று வெளியே வந்தது. சாரல் முகத்தில் தெறித்தது. வெறுங்காலுக்கு அடியில் தண்ணீர் ஓடியது. அவர் ஒரு நிமிடம் தெருவை மறந்துபோனார். பின்னால் ஒருநாள் இதை மனைவியிடம் மட்டும் சொன்னார்: "நல்லா இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. அந்த ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சு."

யாரோ காலிக் குடத்தை எட்டி உதைத்த சத்தம்தான் முதலில் கேட்டது. திரும்புவதற்குள் கொட்டகை நிறைந்துவிட்டது.

"குடிக்க இல்ல, இங்க காருக்குக் குளியலா?"

"ஆபீஸ் வண்டிம்மா. அவங்க கொண்டாந்த தண்ணி..."

அதைக் கேட்க அங்கே காது இல்லை. தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் தையல்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். அளவெடுக்கும்போதுகூட அனுமதி கேட்டுத் தோளைத் தொடுகிற மனிதர். விரலில் ஊசி ஏறினால் அடுத்த மெஷினில் இருப்பவருக்குக் கேட்காமல் "ஐயோ" என்பவர். அவர் வாத்தின் கையிலிருந்து கன்னைப் பிடுங்கி ஓங்கினார். முகத்துக்குத்தான் குறி. வாத்து வலது கையைக் குறுக்கே வைத்தார். முதல் அடியில் வலித்தது. இரண்டாவது அடியில், காய்ந்த விறகை முறிப்பது போலச் சத்தம் கேட்டது.

கன் கீழே விழுந்து, பாம்பாகப் புரண்டு நாலாபுறமும் தண்ணீரைப் பீய்ச்சியது. சேற்றில் கிடந்த வாத்து, ஒரு பெண் ஓடிவந்து அதன் முன் குடத்தைப் பிடிப்பதைப் பார்த்தார். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும். ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு, அவரைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பிடித்தார்கள். டிரம் காலியாகிப் பம்பு வெறுமனே உறுமும் வரை அவர் பக்கம் ஒருவரும் குனியவில்லை. தையல்காரர் மட்டும் கொட்டகைத் தூணோடு தூணாக, தன் கைகளையே பார்த்தபடி நின்றிருந்தார்.

"நான் டீ குடிக்கப் போயிருந்தேன். சொல்லாமக் கொள்ளாம அவனே கழுவிட்டான்" என்று டிரைவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் வந்து பம்புக்குச் சீல் வைத்தார்கள். மனைவி கொதித்தாள். "போயி நடந்ததச் சொல்லுங்க! வாய்க்கு என்ன, பூட்டா போட்டிருக்கு?"

"கழுவுனது நான்தானே," என்றார் அவர்.

அடித்தது யார் என்று போலீஸ்காரர் கேட்டபோது, "கூட்டம் சார். முகம் பாக்கல" என்றார். தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும். தையல் கடை மறுநாளே திறந்தது. அதன் பிறகு தையல்காரர் கொட்டகையைக் கடக்கும்போது மட்டும் தெருவின் மறு ஓரமாகப் போனார்.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. விரல்கள் பாதிவரை மடங்கி, அதற்குமேல் மாட்டேன் என்றன. தினம் மூன்று வேளை வெந்நீரில் கையை முக்கி வைத்து, விரல்களை மடக்கி நீட்டிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மனைவிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "வெந்நீராம்! தண்ணிக்கு வழி சொல்லுங்க டாக்டர், அடுப்பு எங்க வீட்ல இருக்கு." சிரித்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். இப்போது தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரில் துணியை நனைத்து அவள்தான் அவருக்கு முகம் துடைத்துவிடுகிறாள். வலது கையால் அவரால் ஒரு துணியைப் பிழிய முடியாது.

இடது கையால் சுரண்டக் கற்றுக்கொண்டார். இரண்டு மணி நேரம் நான்காயிற்று. பொறுமையுள்ளவர்கள் வருகிறார்கள். பொறுமையில்லாதவர்களும் வேறு வழியில்லாமல் வருகிறார்கள்.

போன வாரம் உச்சி வெயிலில் தையல்காரர் வந்தார். வண்டியை ஏரியிலிருந்து தள்ளிக்கொண்டே வந்திருந்தார். தொடை வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வராமல், ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார்.

"செயின் இறுகிப்போச்சு," என்றார். செயினைப் பார்த்தபடியே, "மக பிரசவத்துக்கு வந்திருக்கா. மூணு நாள் ஆச்சு, குழந்தை பொறந்து. வீட்ல தண்ணி..."

கொட்டகைக்குப் பின்னால்தான் வீடு. சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி தையல்காரரைப் பார்த்தாள். "ஊர்ல வேற கை கிடைக்கலையா இவருக்கு?" என்றாள்.

தையல்காரர் வண்டியைத் திருப்பப் போனார்.

"ஸ்டாண்டு போடுங்க," என்றார் வாத்து. மனைவி பக்கம் திரும்பாமலே, "நீ உள்ள போ. பச்சப் புள்ள இருக்காம் வீட்ல" என்றார். உள்ளே பாத்திரங்கள் விழுந்து உருண்டன.

ஒற்றைக் கையால் சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு சேற்றையும் குத்தி எடுக்க முடியாது. "பின்சக்கரத்தச் சுத்துங்க. மெதுவா," என்றார். தையல்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து சுற்றினார். செயின் கண்ணிகளுக்குள் ஈர்க்கு நுழையாத இடம் வந்தபோது, சட்டைக் காலரின் அடியில் குத்தி வைத்திருந்த ஊசியை உருவி, ஒவ்வொரு கண்ணியாக அவரே குத்தி எடுத்தார். வெயில் தகரத்தின் மேல் நகர்ந்தது. வெகுநேரத்துக்குப் பிறகு தையல்காரர் தலையை நிமிர்த்தாமல் தொடங்கினார்.

"அன்னிக்கு... வீட்ல ஒரு சொட்டு இல்ல. மக ஏழு மாசம். நான் என்ன செய்யறேன்னே..."

"அந்தக் கண்ணியில இன்னும் இருக்கு பாருங்க," என்றார் வாத்து. "அங்க குத்துங்க."

தையல்காரர் குத்தினார். ஊசி உடைந்தது. இன்னொன்றை எடுத்தார்.

செயின் அசைய ஆரம்பிக்கும்போது மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது. வாத்து மண்ணெண்ணெய்த் துணியால் கடைசியாக ஒரு முறை துடைத்தார். தையல்காரர் சட்டைப் பையில் கை விட்டார். "குழந்தைக்கு வாங்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்த வாத்து, வண்டியின் வலது பக்கமாக வந்து நின்றார். சேற்றில் இறங்கிய வண்டிக்குப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்காமல் வெளியே விடக் கூடாது.

முன்பிரேக் வலது கைப்பிடியில் இருக்கிறது. இடது கையை நீட்டியே அவர் அதைப் பிடித்திருக்கலாம். வலது உள்ளங்கையைக் கைப்பிடியின் மேல் வைத்தார். விரல்கள் பிரேக்குக்கு முன்னால் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றன. அவர் இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து, பிரேக்கின் மேல் மடித்து வைத்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல். நான்கும் சேர்ந்ததும், அவற்றின் மேல் இடது கையைப் பொத்தி அழுத்திக்கொண்டு, "இப்பத் தள்ளிப் பாருங்க" என்றார்.